ஒரே திராட்சை, ரெண்டு ஊரு: வைன் பாட்டில்ல ஊரைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டுரியான் சீசன்ல சிங்கப்பூர் கேலாங் பக்கம் ஒரு கடை முன்னாடி நின்னு பாருங்க. நம்ம ஆளுங்க கேக்குற கேள்வியே வேற மாதிரி இருக்கும். "பகாங் பழமா ஜொகூர் பழமா, பழைய மரமா புது மரமா, அங்க மழை எப்படி"ன்னு ஒரு விசாரணையே நடக்கும். மூசாங் கிங்னு ரகத்து பேரை மட்டும் சொன்னா யாரும் பர்ஸை எடுக்க மாட்டாங்க, மலேசியா பகாங்ல ராவுப் மலைச்சரிவுல காய்ச்சதுன்னா ஒரு விலை, வேற எங்கயோ வந்ததுன்னா வேற விலை. அதே ஆளு சூப்பர்மார்க்கெட்ல வைன் ரேக் முன்னாடி நின்னா மட்டும் "ரெட்டா வைட்டா, எது ப்ரோமோ"ன்னு ரெண்டே கேள்வியில முடிச்சுக்கறாரு. நானும் பத்து வருசம் அப்படித்தான் வாங்கிட்டு இருந்தேன்.

மாறினது ஒரு சனிக்கிழமை ராத்திரி. பக்கத்து ப்ளாக்ல இருக்குற மச்சான் ஒரு பாட்டில் கொண்டு வந்தாரு, ஆஸ்திரேலியா பரோசா வேலி ஷிராஸ். எங்கிட்ட இருந்தது பிரான்ஸ்ல வடக்கு ரோன் பக்கத்து குரோஸ் எர்மிடாஜ், லேபிள்ல திராட்சை பேரே கிடையாது. ரெண்டும் ஒரே திராட்சைதான், பிரான்ஸ்ல சிரான்னு சொல்லுவாங்க, ஆஸ்திரேலியாவுல ஷிராஸ்னு சொல்லுவாங்க. பரோசா பிளம் ஜாம் மாதிரி கெட்டியா இனிப்பு வாசனையோட தொண்டையில சூடா இறங்குச்சு, ரோன் மெலிசா, புளிப்பா, மிளகு ரசம் மாதிரி. மச்சான் ஒரே திராட்சைன்னு நம்பவே இல்ல, நான் போன்ல எடுத்து காட்டுற வரைக்கும்.

பிரெஞ்சுக்காரங்க இதுக்கு டெர்வார்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. பெருசா பயமுறுத்துற வார்த்தை, ஆனா தமிழ் படிச்சவங்களுக்கு ஐந்திணை ஞாபகம் இருக்கும்ல, முதற்பொருள்னா நிலமும் பொழுதும்னு மனப்பாடம் பண்ணினோமே, கிட்டத்தட்ட அதேதான். நிலம், பொழுது, அதோட அங்க இருக்குற மனுசங்க கைப்பழக்கத்தையும் சேத்துக்கணும். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: ஊரு வைன்குள்ள வர்றது வெயில் வழியாவும் தண்ணி வழியாவும்தான், மண்ணோட ருசி வழியா இல்ல. இதை மனசுல வச்சுகிட்டா மீதி எல்லாம் சுலபம்.

படி 1: ஒரே திராட்சை, ரெண்டு ஊரு, ஒரே நாள்ல வாங்குங்க

ஒரு பாட்டிலை மட்டும் குடிச்சு ஊரைக் கத்துக்க முடியாது. ஒரு கொடமிளகாயை மட்டும் பாத்துட்டு மிளகாய் எப்படி இருக்கும்னு சொல்ற மாதிரி ஆயிடும். ரெண்டு வேணும், பக்கத்துல பக்கத்துல. நான் முயற்சி பண்ணி நல்லா வித்தியாசம் தெரிஞ்ச ஜோடிங்க நாலு இருக்கு, ஷிராஸ் ரெட், மத்த மூணும் வைட். ஷிராஸ்னா பரோசாவும் வடக்கு ரோனும். ஷார்டனேன்னா பிரான்ஸ் ஷாப்ளியும் கலிஃபோர்னியா நாபாவும். சோவின்யோன் பிளாங்க்னா நியூசிலாந்து மார்ல்பரோவும் பிரான்ஸ் சான்செரும். ரீஸ்லிங்னா ஜெர்மனி மோசலும் தென் ஆஸ்திரேலியா கிளேர் வேலியும். முதல் தடவைக்கு சோவின்யோன் பிளாங்க் வேணாம், வித்தியாசம் இருக்கு ஆனா கொஞ்சம் நுணுக்கம், ஷிராஸ் இல்ல ஷார்டனேல ஆரம்பிங்க.

விலை பத்தி ஒரு கணக்கு சொல்லணும், இது சிங்கப்பூர்ல இருக்குறவங்க கண்டிப்பா தெரிஞ்சிக்க வேண்டியது. இங்க வைனுக்கு வரி பாட்டிலுக்கு இல்ல, உள்ள இருக்குற ஆல்கஹாலுக்கு, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 750 மில்லி பாட்டில்ல 13% இருந்தா வரி மட்டும் 8 வெள்ளி 58 காசு. நீங்க 18 வெள்ளிக்கு ஒரு பாட்டில் வாங்கறீங்கன்னா அதுல 9% ஜிஎஸ்டி ஒரு 1.50 போயிடும், ரெண்டையும் கழிச்சா மிச்சம் 8 வெள்ளிக்கும் கம்மி. அந்த 8 வெள்ளியில கண்ணாடி பாட்டிலு, மூடி, கப்பல் செலவு, கடை வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் போக திராட்சைக்குன்னு என்ன இருக்கும்? அதே 35 வெள்ளி பாட்டில்ல வரி எல்லாம் போக 23 வெள்ளிக்கு மேல நிக்கும். விலை ரெண்டு மடங்கு, உள்ள இருக்குற சரக்கு மூணு மடங்கு. ரொம்ப மலிவான வைன்ல ஊரு தெரியாததுக்கு காரணம் இதுதான், ஊருக்குன்னு அதுல காசே இல்ல. அதனால நாலு பேரா சேந்து காசு போட்டு 35லேர்ந்து 50 வெள்ளிக்குள்ள ரெண்டு பாட்டில் வாங்குங்க, ஆளுக்கு இருபது சொச்சம்தான் வரும். அதுக்கு மேல போக வேணாம், கத்துக்கற நேரத்துல அது வீண்.

படி 2: திறக்கறதுக்கு முன்னாடி சதவீதத்தை பாருங்க

லேபிள்ல பொடி எழுத்துல ஆல்கஹால் சதவீதம் போட்டிருப்பாங்க. அதுதான் அந்த ஊரோட தெர்மாமீட்டர்.

மாங்காயை நினைச்சுக்கோங்க. காயா இருக்கும்போது புளிப்பு, வெயில்ல பழுக்க பழுக்க சர்க்கரை ஏறும் புளிப்பு இறங்கும். திராட்சையும் அப்படியேதான். பழத்துல இருக்குற சர்க்கரையை ஈஸ்ட் தின்னுட்டுதான் ஆல்கஹாலா மாத்துது, அதனால வெயில் ஊருன்னா சர்க்கரை ஜாஸ்தி, ஆல்கஹால் ஜாஸ்தி, புளிப்பு கம்மி, வாசனை பழுத்த பழம், ஜாம், உலர்ந்த திராட்சை பக்கம் போகும். குளிர் ஊருன்னா எல்லாம் தலைகீழ், ஆல்கஹால் கம்மி, புளிப்பு தூக்கலா, எலுமிச்சை, பச்சை ஆப்பிள், இலை தழை வாசனை. அன்னிக்கு எங்க பரோசா பாட்டில்ல 14.5 போட்டிருந்துச்சு, ரோன் பாட்டில்ல 13. ஒன்றரை சதவீதம்தானேன்னு தோணும், வாயில வச்சா பெரிய தூரம்.

இதுல ஒரு தமாஷ் கவனிச்சீங்களா, ஆல்கஹாலுக்கு வரின்னா நம்ம ஊர்ல அசலா வெயிலுக்குத்தான் வரி போடுறாங்க. 14.5% பரோசாவுக்கு 9.57 வெள்ளி, 9% மோசல் ரீஸ்லிங்குக்கு 5.94. குளிர் ஊரு வைன் குடிச்சா மூணரை வெள்ளி மிச்சம்.

ரெண்டு இடத்துல இந்த தெர்மாமீட்டர் ஏமாத்தும். மோசல்ல 8, 9%ன்னு போட்டிருக்கறது குளிரால மட்டும் இல்ல, பல பாட்டில்ல ஈஸ்ட் எல்லா சர்க்கரையையும் தின்னு முடிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க, மிச்ச சர்க்கரை இனிப்பா அப்படியே நிக்கும். போர்ட்னு ஒரு போர்ச்சுகல் இனிப்பு வைன், அது மாதிரி வைன்ல 20% கிட்ட இருக்கும், அது வெயில் இல்ல, பாதியில ஸ்பிரிட் ஊத்தி நிறுத்தினது. இந்த ரெண்டையும் ஒதுக்கிட்டா மத்ததுக்கு நம்பி பாக்கலாம்.

உலகத்துல பேர் போன வைன் ஊருங்க பெரும்பாலும் 30லேர்ந்து 50 டிகிரி அட்சரேகைக்குள்ள இருக்கறதும் இதனாலதான். கொடிக்கு ஒரு குளிர்காலம் வேணும், இலையெல்லாம் கொட்டிட்டு தூங்கி எழும்பணும். நாம உக்காந்திருக்கறது ஒரு டிகிரியில, இங்க கொடி தூங்கவே தூங்காது. நம்ம தேனி பக்கம் கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அங்கயும் இதே கதைதான், குளிர்காலம் இல்லாததால வருசம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடந்துகிட்டே இருக்கும். தின்ன அருமையான பழம், ஆனா வைனுக்கு அது வேற கணக்கு. மகாராஷ்டிராவுல நாசிக்ல இதை கத்தரிக்கோலால சமாளிக்கறாங்க, வருசத்துக்கு ரெண்டு தடவை கொடியை வெட்டி, மழைக்காலத்தை தாண்டி, ஜனவரியிலேர்ந்து மார்ச்சுக்குள்ள குளிர் ராத்திரியில பழம் பழுக்குற மாதிரி வச்சுக்கறாங்க. ஊரு தராததை மனுசன் கொண்டு வர்றான்.

படி 3: ஊத்தறது, மோந்து பாக்கறது, குடிக்கறது

ரெட் வைனை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது ஐரோப்பாவுல கல்லு வீட்டு ரூமு, 16, 18 டிகிரி. நம்ம எச்டிபி அடுக்குமாடி வீட்டு ஹால்ல 30 டிகிரி. அந்த சூட்டுல ஊத்தினா ஆல்கஹால் ஆவி மட்டும்தான் மூக்குல ஏறும், பரோசாவும் தெரியாது ரோனும் தெரியாது. ரெட்டை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க. வைட்டை மாறா ஃப்ரிட்ஜ்லேர்ந்து கால் மணி முன்னாடி வெளிய எடுங்க, ரொம்ப ஜில்லுன்னு இருந்தா வாசனை அடைஞ்சு போயிடும்.

பாட்டிலை பழைய தமிழ் முரசு பேப்பர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு, ஒண்ணு ரெண்டுன்னு எழுதிடுங்க. எது எந்த ஊருன்னு ஊத்துறவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும். கண்ணு லேபிளைப் பாத்துட்டா நாக்கு பொய் சொல்லும், எனக்கே எத்தனையோ தடவை ஆயிருக்கு. அன்னிக்கு வீட்ல சாம்பிராணி போட வேணாம், தாளிப்பும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்.

கிளாஸ்ல மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும், சுத்தி விட இடம் வேணும். அப்புறம் வரிசையா நாலு விஷயத்தை மட்டும் கவனிங்க, ஜாஸ்தி யோசிக்காதீங்க.

வாசனை பழமா காயா, ஜாமா இலையா?

முழுங்கினதும் நாக்கு ரெண்டு ஓரத்துலயும் எச்சில் எவ்வளவு ஊறுது? ஊறினா புளிப்பு இருக்கு, புளிப்பு இருந்தா குளிர்.

தொண்டையில சூடு எவ்வளவு? அது ஆல்கஹால், வெயில்.

நாலாவது துவர்ப்பு. இதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு பாருங்க, இங்கிலீஷ்ல டானின்னு சொல்லி அது என்னன்னு ஒரு பத்தி விளக்கணும், நமக்கு அறுசுவையிலயே துவர்ப்புக்கு தனி இடம் இருக்கு, வாழைப்பூ, நாவப்பழம், நெல்லிக்காய் தின்னா ஈறு இழுத்து புடிக்குதே அதுதான். நல்லா பழுத்த ஊரு பழத்துல துவர்ப்பு வழுவழுன்னு இருக்கும், அரைகுறையா பழுத்ததுல சொரசொரன்னு நாக்கை அராவும்.

ஷிராஸ் ஜோடிக்கு ஒரு சின்ன ஏற்பாடு பண்ணுங்க. நாலு மிளகை தட்டி ஒரு சின்ன தட்டுல பக்கத்துல வச்சுக்கோங்க. ரோன் வைனை மோந்துட்டு மிளகை மோந்து பாருங்க, திரும்ப வைன். ஏதோ ஒத்துமை இருக்கேன்னு தோணினா அது கற்பனை இல்ல. ரோட்டண்டோன்னு ஒரு வாசனைப் பொருள், மிளகுல இருக்கற அதே பொருள், ஷிராஸ் திராட்சை தோல்லயும் இருக்கு, ஆஸ்திரேலியா ஆராய்ச்சியாளர்கள் 2008ல கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. குளிரான இடத்துல, குளிரான வருசத்துல அது ஜாஸ்தி சேரும், வெயில் கொளுத்தினா குறைஞ்சு போகும். ஆக மிளகு வாசனை வந்தாலே அந்த பழம் பழுத்த ஊரு சூடு கம்மின்னு மூக்கு சொல்லிடுது.

எங்க வீட்ல என்ன ஆச்சுன்னா, என் மனைவி மோந்த அடுத்த நொடியே "ஐயோ ரசம்"னு சொல்லிட்டா. மச்சான் கிளாஸை கவுக்காத குறையா மூக்கை உள்ள விட்டு மோந்தாரு, ஒண்ணுமே தெரியலைன்னுட்டாரு. மாமாவுக்கு சளி புடிச்சிருக்குன்னு பசங்க கிண்டல் பண்ணுச்சுங்க. பாவம் அவரு தப்பு இல்ல, அந்த ஆராய்ச்சியிலயே ஏறக்குறைய அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு எவ்வளவு கலந்து குடுத்தாலும் இந்த வாசனை தெரியலை. அதனால உங்களுக்கு மிளகு வரலைன்னா கவலைப்படாதீங்க, புளிப்பையும் சூட்டையும் வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

படி 4: வெயிலைக் குறைக்கறது எது, கடலா மலையா?

இப்ப மேப்பை எடுங்க. அட்சரேகை மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க, பக்கத்துல தண்ணி இருக்கா உயரம் எவ்வளவுன்னு பாக்கணும். நூறு மீட்டர் ஏறினா சுமார் 0.6 டிகிரி குறையும், கேமரன் மலைக்கு போனா ஸ்வெட்டர் போடுறோமே அதே கணக்கு. அர்ஜென்டினா மெண்டோசா கிட்டத்தட்ட பாலைவனம், ஆண்டிஸ் மலை பனி உருகி வர்ற தண்ணியில விவசாயம், அங்க மால்பெக்ங்கற ரெட் திராட்சைத் தோட்டங்க 600 மீட்டர்லேர்ந்து 1500க்கும் மேல வரை ஏறி நிக்குது. பகல்ல கொளுத்தும், ராத்திரி குளிர் அடிக்கும். பகல் சர்க்கரையை ஏத்தும், ராத்திரி புளிப்பை காப்பாத்தும், அதான் மெண்டோசா மால்பெக்ல பழமும் இருக்கும் உயிரும் இருக்கும். ராத்திரின்ற விஷயத்தை நிறைய பேர் மறந்துடறாங்க.

கடலுக்கு உதாரணம் நாபா. பேரு பெத்த வெயில் ஊரு, ஆனா தெற்குப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுலேர்ந்து காலையில பனிமூட்டம் ஏறி வரும், அதனால அந்த பக்கம் குளிர்ச்சி, வடக்க போகப் போக சூடு. நாம நினைக்கறதுக்கு நேர் எதிர். மேற்கு ஆஸ்திரேலியாவுல மார்கரெட் ரிவர் மூணு பக்கம் கடல் காத்து வாங்குற இடம், பெர்த் போறவங்க கார் எடுத்து மூணு மணி நேரம் தெற்க ஓட்டினா போயிடலாம். அங்க கேபர்னே சோவின்யோன்ங்கற ரெட் திராட்சை அருமையா வருது, கனமா இருக்கும் ஆனா அடிச்சு போடாது.

படி 5: மண்ணு

இங்கதான் கதை விடுற ஆளுங்க ஜாஸ்தி. ஷாப்ளியில மண்ணு கிமெரிட்ஜியன்னு சொல்ற சுண்ணாம்பு, சுமார் 15 கோடி வருசத்துக்கு முன்னாடி அங்க கடலு, மண்ணைத் தோண்டினா குட்டிக்குட்டி சிப்பி ஓடு கல்லாகி கிடக்கும். அது உண்மை. "அதனாலதான் ஷாப்ளியில சிப்பி வாசனை, கடல் உப்பு ருசி"ன்னு அடுத்த வரி சொல்லுவாங்க பாருங்க, அதை நான் வாங்கிக்க மாட்டேன். வேரு கல்லை கரைச்சு குடிச்சு பழத்துல ருசியா குடுக்கறது இல்ல. கல்லுக்கு பெருசா ருசியும் கிடையாது, வேணும்னா ஒரு கூழாங்கல்லை நாக்குல வச்சு பாருங்க. ஷாப்ளியோட அந்த வெட்டுற புளிப்பு முக்கியமா குளிரால வர்றது, அங்க ஏப்ரல் மாசத்துல கூட உறைபனி விழும்.

அப்ப மண்ணு சும்மாவா? இல்ல. மண்ணு செய்யற வேலை ரெண்டு, தண்ணியை புடிச்சு வைக்கறது இல்ல விட்டுடறது, சூட்டை புடிச்சு வைக்கறது இல்ல விட்டுடறது. பூந்தொட்டியில செடி வைக்கறவங்களுக்கு இது நான் சொல்லாமலே தெரியும், தண்ணி தேங்கினா கொடி இலையா விட்டு தள்ளும், பழம் நீர்த்துப் போகும். கொஞ்சம் தாகத்துல தவிச்சா பழம் சின்னதா தோல் கெட்டியா வரும், ரெட் வைனோட கலரும் துவர்ப்பும் தோல்லதானே இருக்கு.

பிரான்ஸ்ல போர்டோ இதுக்கு நல்ல பாடம். ஆத்துக்கு இடது கரை மெடோக்ல சரளைக்கல்லு, தண்ணி நிக்காது, பகல் சூட்டை கல்லு வாங்கி வச்சுக்கும், அதனால தாமசமா பழுக்குற கேபர்னே சோவின்யோனுக்கு அது வசதி. வலது கரை பொமெரோல்ல களிமண்ணு, குளுகுளுன்னு ஈரம், சீக்கிரம் பழுக்குற மெர்லோவுக்கு அது தோது. அதனாலதான் இடது கரை வைன் இளசா இருக்கும்போது விறைப்பா துவர்ப்பா, வலது கரை கொஞ்சம் மெத்துன்னு. மண்ணு ருசியை குடுக்கலை, எந்த திராட்சை அங்க பிழைக்கும்னு முடிவு பண்ணுச்சு. மோசல்லயும் அப்படி, 50 டிகிரி வடக்க சூரியன் சாஞ்சுதான் அடிக்கும், அதனால ஆத்தைப் பாத்த செங்குத்து சரிவுல கொடி நட்டாங்க, கருப்பு ஸ்லேட் கல்லு சூட்டை வாங்கி வச்சுக்கும். பிரெம்மர் கால்மோண்ட்னு ஒரு சரிவு 65 டிகிரி வரை சாஞ்சு நிக்கும், அதுல மெஷின் ஏறாது, மனுசன்தான் கூடை தூக்கணும்.

மண்ணை விட சில நேரம் பக்கத்துல என்ன மரம் நிக்குதுன்றதுதான் ருசியை நேரா மாத்தும். தென் ஆஸ்திரேலியாவுல கூனவாரான்னு சின்ன ஊரு, சுண்ணாம்புக்கல்லு மேல சுமார் 15 கிலோமீட்டருக்கு நீளமா ஒரு செம்மண் பட்டை, கேபர்னேக்கு பேர் போனது. ஒரு கூனவாரா பாட்டிலை திறந்து கிளாஸை மோந்ததும் எனக்கு ஊரு ஞாபகம் வந்துடுச்சு, எங்க பாட்டி தலையணைக்கு அடியில வச்சிருப்பாங்களே கோடாலித் தைலம், சிங்கப்பூர்லேர்ந்து யாரு போனாலும் டஜன் கணக்குல வாங்கிட்டு போவோமே, அந்த வாசனை. லேசா, ஆனா சந்தேகமே இல்லாம. காரணம் தேடினா நேரடியாவே கிடைக்குது, ஆஸ்திரேலியாவுல பல தோட்டத்து ஓரத்துல யூகலிப்டஸ் மரம் நிக்கும், அதோட எண்ணெய் காத்துல வந்து பழத்து மேல படியும், அறுவடையில இலையும் பட்டைத் துணுக்கும் பழத்தோட சேந்து தொட்டிக்குள்ள போயிடும். மரத்துக்கு கிட்ட இருக்குற வரிசையில வாசனை ஜாஸ்தி, தள்ளிப் போகப் போக கம்மின்னு அளந்தே பாத்துட்டாங்க. சில பேருக்கு இது குறை, எனக்கு பாட்டி வாசனை.

படி 6: பொழுது, அதாவது வருசம்

லேபிள்ல போட்டிருக்குற வருசம் பழம் பறிச்ச வருசம். நல்ல வெயில் ஊருல வருசத்துக்கு வருசம் பெருசா மாறாது, அதனால ஆஸ்திரேலியா, சிலி மலிவு வைன்ல இதைப் பாத்து மண்டையை குழப்பிக்க வேணாம். குளிர் ஓரத்துல இருக்குற ஊருங்களுக்குத்தான் இது உயிர். 2003ல ஐரோப்பா முழுக்க வெப்ப அலை, அந்த வருசத்து பிரான்ஸ் பர்கண்டி வைன் பல பாட்டில் தெக்கத்தி வைன் மாதிரி ஜாம் அடிக்கும். 2021 ஏப்ரல்ல பிரான்ஸ்ல உறைபனி, ஷாப்ளிக்காரங்க ராத்திரி முழுக்க கொடி வரிசைக்கு நடுவுல தீச்சட்டி ஏத்தி வச்சு காவல் காத்தும் நிறைய மொட்டு கருகிப்போச்சு.

பர்கண்டியில போன்ங்கற ஊருக்கு 1354லேர்ந்து அறுவடை தேதிக் கணக்கு தொகுத்து வச்சிருக்காங்க. அதைப் பாத்தா 1988க்கு அப்புறம் முந்தின காலத்தை விட சராசரியா 13 நாள் முன்னாடியே பறிக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஊருங்க இடம் மாறலை, வெயில் மாறுது. மழை நாடுன்னு கிண்டல் பண்ணின இங்கிலாந்து தெற்குல இன்னிக்கு நுரை வைன் நல்லாவே பண்றாங்க.

படி 7: மனுசன் கை

ஒரே ஊருல ரெண்டு பேரு ரெண்டு விதமா செய்வாங்க, அதையும் ஊரு ருசின்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. வெண்ணெய் வாசனை வந்தா அது பெரும்பாலும் புளிப்பை மென்மையாக்குற ரெண்டாவது நொதிப்பால வர்றது. வெனிலா, தேங்காய் வாசனை வந்தா ஓக் பீப்பாய், அமெரிக்கா ஓக்னா தேங்காய் தூக்கலா இருக்கும். நாபா ஷார்டனேயில இந்த ரெண்டும் நிறைய பாக்கலாம், அதை நாபா மண்ணுன்னு சொன்னா தப்பு. ஆனா ஸ்பெயின் ரியோஹால பீப்பாய்ல ஊற வைக்கறது பரம்பரைப் பழக்கம், சட்டத்துலயே இருக்கு, ரெட் ரிசர்வான்னா குறைஞ்சது மூணு வருசம், அதுல ஒரு வருசம் பீப்பாய்ல. அங்க பழக்கமே ஊரோட ஒரு பாகமாயிடுச்சு.

போர்ச்சுகல்ல போர்ட் வைன் விளையுற டூரோ பள்ளத்தாக்குக்கு எல்லை போட்டது 1756ல, பிரான்ஸ்ல இப்ப இருக்கற ஊர்ப்பெயர் சட்ட முறை 1935ல. இந்த சட்டமெல்லாம் வந்ததுக்கு முக்கிய காரணம், வேற சரக்கை அந்த ஊரு பேருல விக்கற டூப்ளிகேட்.

ரொம்ப நம்பிக்கையோட ஊரு ஊருன்னு பேசுறவங்களுக்கு ஒரு சூடு வச்ச கதையும் உண்டு. 1976ல பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு வைன் வியாபாரி போட்டி வச்சாரு, பிரெஞ்சு நடுவருங்க, லேபிளை மறைச்சு கலிஃபோர்னியாவையும் பிரான்ஸையும் கலந்து குடுத்தாரு. ரெட் வைட் ரெண்டுலயும் முதல் இடம் நாபாவுக்கு. எது எந்த நாடுன்னே நிறைய இடத்துல மாத்தி சொன்னாங்க. பெரிய ஆளுங்களுக்கே அப்படின்னா நாம தமிழ் முரசு சுத்தி வச்சு தப்பா சொல்றதுல ஒரு வெக்கமும் இல்ல.

படி 8: கடையில லேபிளைப் படிக்கறது

ஐரோப்பா லேபிள்ல பல நேரம் ஊரு பேரு மட்டும்தான் இருக்கும், திராட்சையை நீங்களே தெரிஞ்சு வச்சுக்கணும். ஷாப்ளின்னா ஷார்டனே, சான்செர் வைட்னா சோவின்யோன் பிளாங்க், போஜலேன்னா கமே, சிவப்பு பர்கண்டின்னா பினோ நுவார், பரோலோன்னா நெபியோலோ, கியாந்தின்னா பெரும்பாலும் சாஞ்சோவேசே, ரியோஹா ரெட்னா முக்கியமா டெம்ப்ரனியோ. போன்ல நோட் போட்டு வச்சுக்கோங்க, நான் அப்படித்தான்.

அப்புறம் எப்பவும் ஒரே கேள்வி: லேபிள்ல இருக்குற ஊரு எவ்வளவு சின்னது? ஆஸ்திரேலியா பாட்டில்ல "சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா"ன்னு இருந்தா ஏதோ ஒரு மாவட்டம்னு நினைச்சுடாதீங்க, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுசும் அதுல அடக்கம், குவீன்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியாவுல ஒரு பகுதியும் சேத்தி. அதாவது எங்கேர்ந்து வேணா பழம் வந்திருக்கலாம். "பரோசா வேலி"ன்னு போட்டா குறைஞ்சது 85% அங்க விளைஞ்சதா இருக்கணும்னு சட்டம். அதுக்கும் கீழ ஒரே தோட்டத்து பேரு இருந்தா இன்னும் குறுகல். குறுகக் குறுக விலை ஏறும், நல்லா இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா ஊரு கண்ணுக்குத் தெரியும்.

படி 9: நம்ம சாப்பாட்டோட

காரம் ஆல்கஹாலை எரிய வைக்கும், துவர்ப்பை கசக்க வைக்கும். மீன் தலைக்கறி வாங்கி வச்சுகிட்டு 15% பரோசா திறந்தா வாய்க்குள்ள தீபாவளிதான். அதுக்கு குளிர் ஊரு, ஆல்கஹால் கம்மி, லேசான இனிப்பு, அதாவது மோசல் ரீஸ்லிங். பரோசாவை மட்டன் பிரட்டலுக்கு எடுங்க, அதுவும் மிளகாயைக் குறைச்சு மிளகு போட்டு செஞ்சதுக்கு. தயிர் சாதத்துக்கு ஒண்ணும் வேணாம், அதை நிம்மதியா விடுங்க.

வாங்கறது, கொண்டு வர்றது, வைக்கறது

பெர்த் போயிட்டு வர்றவங்க: 18 வயசு ஆகி, 48 மணி நேரமாவது வெளிநாட்டுல இருந்து, மலேசியா வழியா வராம இருந்தா ரெண்டு லிட்டர் வைன் வரி இல்லாம கொண்டு வரலாம், அதாவது முழு பாட்டில் ரெண்டு, வேற மது எதுவும் வாங்காம இருந்தா. அந்த ரெண்டை இங்க கிடைக்காத தோட்டத்து வைனா பாத்து வாங்குங்க, இங்க ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல இருக்கறதை அங்கேர்ந்து தூக்கிட்டு வராதீங்க.

கடைசியா வைக்கறது. வைனுக்கு 12லேர்ந்து 14 டிகிரி பிடிக்கும். நான் ஒரு ஆனிவர்சரிக்குன்னு வாங்கின சான்செர் பாட்டிலை இருட்டா இருக்கே பத்திரம்னு நினைச்சு எங்க வீட்டு பாம் ஷெல்டர்ல, அதான் குண்டுவீச்சுக்கு பாதுகாப்பா கட்டின சின்ன அறை, அங்க வச்சேன், அரிசி மூட்டைக்கும் சூட்கேசுக்கும் நடுவுல, ஒன்றரை வருசம். இருட்டுதான், ஆனா கதவை சாத்தினா அது ஒரு அடுப்பு. திறந்தப்ப கலர் தேயிலைத் தண்ணி மாதிரி, வாசனை அடிபட்ட ஆப்பிள், எச்சில் ஊற வச்ச அந்த புளிப்பு போன இடம் தெரியலை. சான்செர்ல விளைஞ்சு எங்க செங்காங்ல வெந்து போச்சு. வைன் ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க வாங்கி ரெண்டு மூணு மாசத்துக்குள்ள குடிச்சிடுங்க, அது வரைக்கும் சாதா ஃப்ரிட்ஜ்ல காய்கறித் தட்டுல படுக்க வைங்க. அந்த சான்செர் பாட்டில் இப்ப சமையலறை ஜன்னல்ல இருக்கு, என் மனைவி அதுல மணி பிளான்ட் வச்சிருக்கா, நல்லா தழைச்சு வருது.